மடியில் இருந்த பிரேக்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். ஜன்னலோரம் இருந்தவன் வீட்டாரோடு பேசிவிட்டு போனை வைத்தான்.

"அப்பா என் ரேஸ் பைக்க எடுத்துட்டுப் போயிட்டாராம்டா. பின் பிரேக்கு என் மடியில இருக்கு."

"பிரேக்கையாடா கழட்டுன?"

"வண்டி எடைய குறைக்கத்தான். பின்சீட்டு, அதுக்குப் பின்னால இருந்த கைப்பிடியெல்லாம் ஏற்கனவே கழட்டியாச்சு. புதுசு வாங்க காசுக்கு எங்க போறது? பழைய சாமான் கடையில இதக் குடுத்துட்டு லேசானதா ஒண்ணு மாத்திக்கலாம்னுதான் கெளம்புனேன்."

"முன் பிரேக்கு இருக்குல்ல?"

"அவரு அதத் தொடவே மாட்டாரு. எப்பவும் கால் பிரேக்குதான்."

எதிரே சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்தன. இருவரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று முறை போன் அடித்தும் அப்பா எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தார். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, எங்க இருக்கீங்க? வண்டிய நிறுத்துங்க."

"அது தெருமுனையிலேயே நின்னுபோச்சு. டேங்க்ல சொட்டு பெட்ரோல் இல்லடா."

"அதையும் எடைக்குத்தான் வடிச்சியா?" என்று நண்பன் மெதுவாகக் கேட்டான். இவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"வூட்டுக்குத் தள்ளிக்கிட்டு வரேன்," என்றார் அப்பா, மூச்சு வாங்க. "ஆனா ஒண்ணுடா, தள்ளுறதுக்கு நல்லா லேசா இருக்கு."