பனியில் திறந்து கிடந்த கதவு

இருங்க... இந்த இடத்துல உங்களுக்கு ஒரு குட்டிக் கதை சொல்லிட்டுத்தான் என் பேச்சை மேல கொண்டு போவேன். பின்னாடி நிக்கிறவங்க உட்காருங்க. பிரியாணி வாசனை எனக்கும்தான் வருது, அது எங்கயும் ஓடிடாது.

அமெரிக்காவுல ஒஹாயோ பக்கம் ஒரு சின்ன ஊரு. பேரைச் சொன்னா வாயில நுழையாது, விடுங்க. ஒரே ஒரு கடைத்தெரு, ஒரு தபாலாபீஸ், ஒரு சலூன், நடுவுல ஒரு காலேஜ். அந்தக் காலேஜ் இருக்கிறதாலதான் அந்த ஊரே இருக்கு. தெருவுல யார் தும்மினாலும் யாருன்னு தெரிஞ்சிடும், அவ்வளவு சின்ன ஊரு.

அங்க செல்வநாயகம்னு நம்ம கோவில்பட்டிக்காரர் கெமிஸ்ட்ரி வாத்தியார். சம்சாரம் பூங்கோதை, அதே காலேஜ் லைப்ரரியில வேலை. பிள்ளைகுட்டி கிடையாது. மனுஷனுக்கு அந்த ஊருன்னா உசுரு. "ஊருக்குத் திரும்பிடலாம்ங்க"ன்னு அந்தம்மா கேட்டா, "இதான்டி நம்ம ஊரு, இவங்கதான் நம்ம சனங்க"ம்பாராம்.

ஒரு பனிக்காலம்... மாரடைப்பு. போயிட்டாரு.

காரியத்துக்கு ஊரே வந்துச்சு. கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு வரிசையில நின்னு கை குடுத்தாங்க. அதோட சரி. மறுநாள் ஒருத்தர் வீடேறி வரல. அதுக்கு மறுநாளும் வரல. ஆனா தினமும் வாசல்ல ஒரு பாத்திரம் இருக்கும். சூப்பு, சீஸ் போட்டு வேகவச்ச உருளைக்கிழங்கு... வச்சிட்டு, மணிகூட அடிக்காம, பூனை மாதிரி போயிடுவாங்க.

பூங்கோதை அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க! நம்ம பக்கம் துக்க வீடுன்னா எப்படி? கட்டிப் பிடிச்சு அழ ஆள் இருக்கும், திட்டி ஒரு வாய் சோறு ஊட்ட ஆள் இருக்கும். இங்க... "நாய்க்கு வைக்கிற மாதிரி வாசல்ல வச்சிட்டுப் போறாங்களே"ன்னு அந்தம்மா வயிறெரிஞ்சு போச்சு. சோத்தைத் தொடல. அப்படியே கொட்டிட்டு, பாத்திரத்தைக் கழுவித் திரும்ப வாசல்லயே வச்சிடுச்சு.

கழுவின பாத்திரத்தைப் பார்த்த ஊர்க்காரங்க என்ன நினைச்சாங்க தெரியுமா? "பரவாயில்ல, சாப்பிடுறாங்க. தனியா இருக்கணும்னு ஆசைப்படுறாங்க. நாம தொந்தரவு பண்ண வேண்டாம்."

ரெண்டு பக்கமும் பாசம்தாங்க. நடுவுல ஒரு கதவு, அது மூடியே கிடந்துச்சு.

அந்தம்மா முடிவு பண்ணிடுச்சு. டிக்கெட் போட்டாச்சு, வீட்டைக் காலி பண்ணிட்டுக் கோவில்பட்டிக்கே கிளம்புறதுன்னு. போறதுகூட வலிக்கல. 'இவங்கதான் நம்ம சனங்கன்னு சொன்னியேய்யா... இவங்களுக்கு நீ யாரோ எவரோதானா?' அந்தக் கேள்விதான் ராத்தூக்கத்தைக் கெடுத்துச்சு.

கிளம்புற அன்னைக்குக் காலையில பெட்டியை இழுத்துக்கிட்டுக் கதவைத் திறக்குது... வாசல்ல குனிஞ்சு பாத்திரம் வச்சிட்டு இருக்கா ஒருத்தி. ஹெலன். தபாலாபீஸை நடத்துற பொம்பள. திருடி மாதிரி முழிக்கிறா.

"மன்னிச்சிடுங்க, தொந்தரவு பண்ண நினைக்கல..."

பூங்கோதை அம்மாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "தொந்தரவு பண்ணுங்களேன்! எங்க ஊர்ல சாவு வீட்டுக் கதவைச் சாத்த மாட்டாங்க. யாரும் யாரையும் கூப்பிடவும் மாட்டாங்க. வருவாங்க, உட்காருவாங்க, அழுவாங்க. உங்க ஊர்ல என் புருஷனுக்கு அழ ஒரு ஆள் இல்லையா?"

ஹெலன் பாத்திரத்தைக் கீழ வச்சிட்டு நிமிர்ந்தா. பனி தலையில கொட்டுது.

"நான்... உள்ள வரலாமா?"

"கேக்காதீங்கன்னுதானே சொல்றேன்!"

உள்ள வந்தா. உட்கார்ந்தா. உட்கார்ந்ததும் உடைஞ்சு போனா.

"உங்க வீட்டுக்காரர் தினமும் தபாலாபீஸுக்கு வருவார். அவருக்கு ஒரு தபாலும் வராது. போன வருஷம் என் புருஷன் செத்தார். ஊர் மொத்தமும் எனக்கும் இப்படித்தான் சாப்பாடு வச்சிட்டுப் போச்சு. அவர் பேரை என்கிட்ட ஒருத்தரும் எடுக்கல, நான் அழுதுடுவேன்னு. தினமும் வந்து நின்னு, 'உங்க ஆள் நல்லா மீன் பிடிப்பாராமே, சொல்லுங்க'ன்னு கேட்டது உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவ்வளவும் தெரிஞ்சும் நான் உங்களுக்கு வாசல்லயே வச்சிட்டுப் போனேனே!"

பூங்கோதை அம்மா அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு... அத்தனை நாளா வராத அழுகை, ஓன்னு வந்துச்சு.

அன்னைக்கு அந்த வீட்டுக் கதவை மூடவே இல்ல. பனி உள்ள அடிக்குது, ஹீட்டர் தோத்துப் போச்சு. ஹெலன் போன் போட்டுச் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தரா வந்தாங்க. சலூன்காரர், காலேஜ் பிரின்சிபால், செல்வநாயகத்துகிட்ட படிச்ச பிள்ளைங்க. மணியடிக்காம உள்ள வந்து கோட்டோட தரையில உட்கார்ந்து ஆளாளுக்கு அவரைப் பத்திப் பேசினாங்க. ஒருத்தரும் அவரை 'யாரோ'ன்னு பேசல. விமானம் அந்தம்மா இல்லாமலேயே போயிடுச்சு.

சரி... எதுக்கு இதைச் சொன்னேன்? வெள்ளைக்காரனுக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியல, நமக்குத் தெரியும்னு பெருமை பேசவா? இப்ப கை தட்ட வந்தீங்களே சில பேரு... கொஞ்சம் பொறுங்க.

உங்க குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரும்போது என்கிட்ட ஒண்ணு சொன்னார். சி பிளாக் மூணாவது மாடி. சிதம்பரநாதன் ஐயா. போன வாரம் அவர் சம்சாரம் தவறிட்டாங்க. வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் கும்பிட்ட கை போட்டீங்களாம். நல்லது. எத்தனை பேரு படியேறிப் போனீங்க?

...கையைத் தூக்க வேண்டாம். என்ன பேசுறதுன்னு தெரியலன்னு சிலர் போகல. அவர் தனியா இருக்கட்டும்னு சிலர் போகல. தப்பான எண்ணம் ஒருத்தருக்கும் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா மேல உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்?

துக்கத்துல இருக்கிறவனுக்கு மரியாதை குடுக்கிறோம்னு நினைச்சு அவனை நாம தனியா விட்டுடுறோம். அவனுக்கு மரியாதை வேண்டாம்யா, பக்கத்துல ஒரு ஆள் வேணும். பேசத் தெரியலன்னா பேசாம உட்காருங்க.

என் பேச்சு இன்னும் பாதி பாக்கி இருக்கு. அது கெடக்கட்டும். இதோ மைக்கை வைக்கிறேன். சி பிளாக்குக்கு எந்தப் பக்கம் போகணும், யாராவது வழி காட்டுங்க.