ஐந்தாவது கிளாஸ்

– போனைக் கீழ வைங்க முதலாளி. முதல்ல குடிங்க, அப்புறம் திட்டுங்க.

– ஏம்மா, நீ பீர் பைப் கழுவ வந்தவ. கழுவிட்டுப் போ. பாலத்தடியில காய்ச்சறானே, அவன் அனுப்பின பீர் புளிக்குது. இனி உன் சரக்கு என் கடைக்கு வேணாம்னு அவன்கிட்ட சொல்லப் போறேன். இதுல உனக்கு என்ன வந்துச்சு?

– அவர் காய்ச்சுறதுல பாதி உங்க கடையிலதான் ஓடுது. நீங்க நிறுத்தினா அவர் அடுப்பு அணைஞ்சிடும். பத்து நிமிஷம் குடுங்க. அஞ்சு கிளாஸ், அவ்வளவுதான்.

– காலைல பத்து மணிக்கு பீரா?

– மதியம் சாப்பிட்ட நாக்குக்கு ஒண்ணும் தெரியாது. காலை நாக்குதான் சுத்தம்.

– என் நாக்கு எப்பவும் சுத்தம்தான். இருபது வருஷமா இந்தக் கவுண்டர்ல நிக்கறேன். ஒரு நாள் பொய் சொன்னதில்ல.

– ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பாகிட்ட பேசினது எந்த நாக்கு?

– நீ கிளாஸைத் துடை.

– துடைச்சுக்கிட்டேதான் பேசறேன். அந்தப் பொண்ணு என்ன, உங்க கிட்னியையா கேக்குது? குடிச்சுத்தான் பாருங்களேன்.

– சரி, குடு. எந்தக் கிளாஸ்ல எவன் சரக்கு?

– சொல்ல மாட்டேன். கிளாஸ் அடியில எழுதியிருக்கேன். அக்கா முன்னாடிதான் ஊத்தினேன். நான் சொல்றவரைக்கும் தூக்கிப் பார்க்கக் கூடாது.

– அக்காவாம்! வந்து அரை மணி நேரம் ஆகல, அதுக்குள்ள உறவு. அது சரி, அஞ்சாவதை ஏன் துணி போட்டு மூடி வெச்சிருக்க?

– அது கடைசில. முதல் கிளாஸை எடுங்க.

– ம்... புளிப்பு. கெட்டுப்போன வெண்ணெய் வாசனை வேற. பாலத்தடிக்காரன்தான், கண்ணைக் கட்டிக் குடுத்தாலும் சொல்வேன்.

– ரெண்டாவது.

– இரு இரு. இது வேற ஆளு. கோதுமை வாசம் கும்முனு வருது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாப்ல ஒரு நெடி. யாரு, புது ஆளா?

– பிஸ்கட்டைக் கடிங்க. தண்ணி குடிங்க. மூணாவது.

– ஐயே! இதுவும் புளிப்பு. கசப்பைப் பார்த்தா மொட்டைமாடியில காய்ச்சற அண்ணன் தம்பிங்க சரக்கு மாதிரி இருக்கு. ஆனா அடியில காடி. அவனுங்களும் கெட்டுட்டானுங்களா?

– நாலாவது.

– கசப்புன்னா இது கசப்பு! நறுக்குனு கடிச்சுட்டு விட்டுடுது. தொண்டையில தங்கல. அந்த அண்ணன் தம்பிங்களை இவன்கிட்ட பாடம் படிக்க அனுப்பணும்.

– இப்ப தூக்கிப் பாருங்க.

– ஒண்ணுல ‘பாலத்தடி, குழாய்’. ரெண்டுல... ‘பாலத்தடி, பாட்டில்’. ஏய், விளையாடறியா?

– மூணு மொட்டைமாடி, குழாய். நாலு மொட்டைமாடி, பாட்டில். ரெண்டு பேருமே அவங்கவங்க ஒரே தொட்டியில இருந்து, ஒரே நாள்லதான் பீப்பாயையும் பாட்டிலையும் நிரப்பியிருக்காங்க.

– அப்ப பீப்பாய்தான் கெட்டிருக்கு. எப்படியும் அவனுங்க தப்புதானே?

– இப்படிச் சொல்வீங்கன்னு தெரியும். பாலத்தடி பீப்பாய் வாயிலேயே சின்னக் குழாய் மாட்டி ஒரு மடக்கு எடுத்து வெச்சிருக்கேன். இந்தாங்க.

– குடு, அதையும் பார்த்துடறேன்.

– என்ன சொல்லுது நாக்கு?

– புளிக்கல.

– பீப்பாய்க்கும் உங்க கவுண்டருக்கும் நடுவுல என்ன இருக்கு முதலாளி?

– பைப்புதான். அதுலதான் மாசாமாசம் சுடுதண்ணி விடறேனே!

– சுடுதண்ணி மேலாப்ல ஓடிடும். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை மருந்து விட்டு, குழாய் மூக்கைக் கழட்டி, பிரஷ் போடணும். கிளாஸ்ல ஊத்தினப்புறம் ஒரு குழாய்ல போட்டுப் பார்த்தேன். இந்தக் கிண்ணத்துல பாருங்க.

– ச்சீ! ஏங்க, சளி மாதிரி இருக்கே! இதையா ஊருக்கெல்லாம் ஊத்தினோம்? கழட்டிப் பாருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நான் சொன்னா யாரு கேக்கறா?

– சரி, விடு. எல்லாத்தையும் கழுவும்மா. அவனுக்கு போன் பண்ணல. போதுமா?

– அஞ்சாவது இருக்கு.

– அதான் புரிஞ்சுடுச்சே.

– முதல்ல குடிங்க.

– கருப்பா இருக்கு! கருப்பு இங்க வெக்கறதில்லம்மா. போன வருஷம் ஒருத்தி, மலையடிவாரத்துல கொட்டகை போட்டுக் காய்ச்சறேன்னு போன்ல பேசினா. ஆளைப் பார்த்ததுகூட இல்ல. ஆறு பீப்பாய் அனுப்பினா, அத்தனையும் காடி. திருப்பி அனுப்பிட்டேன். ஏமாந்துடாதீங்கன்னு மத்த கடைக்காரங்ககிட்டயும் சொல்லி வெச்சேன்.

– குடிங்க.

– ம்... ரொட்டியோட கருகின ஓரம். காப்பிக்கொட்டை. நடுவுல ஒரு இனிப்பு, பேரீச்சம்பழமா? இரு, இன்னொரு மடக்கு. அடேயப்பா! சத்தியமா சொல்றேன், இந்தக் கவுண்டர்ல இப்படி ஒண்ணை நான் ஊத்தினதே இல்ல. யாரு காய்ச்சினது? ஒரு குழாய் காலியாத்தான் கிடக்கு. இன்னிக்கே பேசி முடிச்சுடலாம்.

– தூக்கிப் பாருங்க.

– ‘மலையடிவாரம், பாட்டில்’.

– நீங்க திருப்பி அனுப்பினது எந்தத் தொட்டியோ, அதே தொட்டி. கடைசிப் பாட்டில். கருப்பு வருஷக்கணக்குல தாங்கும்.

– ஏங்க, கிளாஸைக் கீழ வெச்சுட்டு, காய்ச்சினவ எங்கன்னு கேளுங்க.

– அந்தப் பொண்ணு... இப்ப எங்க இருக்கு?

– கொட்டகையைப் பூட்டிட்டு பைப் கழுவுற கம்பெனியில சேர்ந்துச்சு. உங்க கடை முறை வர பதினோரு மாசம் ஆச்சு. இப்ப போனை எடுங்க முதலாளி. என் பீர் புளிக்குதுன்னு யார் யார்கிட்ட சொன்னீங்களோ, ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க. முடிக்கிறவரைக்கும் நான் பைப்பைக் கழுவறேன்.