கம்பித் துரை விருந்துக்கு வரமாட்டாரு

காய்ச்சல்தான்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கிறியே டெனிஸ். காலையில கடற்கரையில நடந்தாரா? நடந்திருப்பாரு. அப்புறம் வந்திருக்கும் காய்ச்சல். வெதர்பி துரை ஒரு வருஷமா என் வீட்லதான் தங்கியிருக்காரு, அவரு உடம்பு எனக்குத் தெரியாதா? விருந்துக்கு வரமாட்டாரு, மலை மேல வைக்கிற தீயை அவங்களே கொளுத்திக்கட்டும்னு ஃபாதர்கிட்ட போய்ச் சொல்லு.

அவரைக் கூட்டிட்டுத்தான் வரணும்னாரா? சரி, உக்காரு. மோர் குடி. அமெரிக்காவுக்குத் தந்தி போற கம்பியக் கரைக்கு இழுத்தாங்களே, அன்னிக்கு நீ இருந்தியா? ஊரே இடுப்புத் தண்ணியில நின்னு இழுத்துச்சு. எங்க நாத்தனாரு கம்பியத் தொட்டு முத்தம் குடுத்தா. பாஸ்டன்ல இருக்கிற மகன் கன்னம் மாதிரி இருக்குதாம். ஒரே தாரு. ஒரு வாரம் உதடு கருப்பாத் திரிஞ்சா. அவ மகனைப் பத்திச் சொல்லணும்னா, கப்பல் ஏறுற அன்னிக்கு ஒத்தக் கால் செருப்போட…

எங்க எட்டிப் பாக்குற? பொம்பளைங்க இருக்கிற வீடுப்பா. சரி, கட்டில் காலிதான். பாத்துட்டல்ல.

மாட்டுக் கொட்டாயில இருக்காரு. கடற்கரையில நடந்துட்டு வந்ததுலருந்து பசுவுக்குப் பின்னால குந்திக்கிட்டு, ரொட்டி குடுத்தாலும் வேணாங்கிறாரு. அத வெளிய சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. காய்ச்சல்னு பொய் சொன்னதுக்கு அதவிட வெக்கமா இருக்கு.

எதுக்கா? மெதுவாப் பேசு. மலை மேல தார் பீப்பாய அடுக்கியாச்சா? ஃபிடில்காரனும் வந்துட்டானா? கடவுளே.

கம்பி செத்துப் போச்சுப்பா. கொஞ்ச நாளாவே முனகலாத்தான் கேட்டுச்சாம். அந்தப் பக்கம் கேக்கலையேன்னு இவரு மின்சாரத்தக் கூட்டிக் கூட்டி விட்டிருக்காரு. தாங்காதுய்யான்னு கூட இருந்தவன் சொல்லியிருக்கான். கடலுக்கடியில கம்பி போட்டவன் நானா நீயான்னு கேட்டாராம் இவரு. நேத்து சாயங்காலம் உள்ள எங்கேயோ கருகிடுச்சு. இப்ப மூச்சே இல்ல. நல்லா இருந்தத நானே கொன்னுட்டேன், மிசஸ் டூலின்னு எங்கிட்ட சொல்றாரு. அந்தக் கம்பிக்குப் போயி விருந்து வைக்கிறீங்க.

யாரு அது, கதவுகிட்ட? துரை, நீங்க எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க? நான்தான் சமாளிக்கிறேன்ல… என்ன சொல்றீங்க? நீங்களே வந்து சொல்லப் போறீங்களா? அத்தனை பேரு முன்னாலயா?

சரி. டெனிஸ், வண்டியத் திருப்பி நிறுத்து. தீ வைக்கிறதுக்குள்ள போய்ச் சேரணும். கேத்லீன், உங்க அப்பா கோயிலுக்குப் போட்ட கோட்டு இருக்குல்ல, அத எடுத்துட்டு வாடி. இவரோடதுல முதுகெல்லாம் சாணி.