எங்கூட்டுக்காரரு முடிய வெட்டிட்டாரு

...பாருங்க தங்கச்சி, நீங்களே பாருங்க அந்த மனுசன! கதவப் புடிச்சிக்கிட்டு, தலைய வெளிய நீட்டிக்கிட்டு... ஏங்க! உள்ளதான் வாங்களேன்! ம்ஹும். கேக்காது. அட்டன்ல ரயிலு ஏறுனதுலேருந்து இதே கூத்துதான். இந்தா, ஒக்கார எடம் கெடக்கு. ஒக்கார மாட்டேங்குறாரு. ஏன்னு கேட்டா, "ராக்காயி, பொடனியில காத்து படுதுடி"ங்குறாரு. பொடனியில காத்து படுதாம்! ஊரு ஒலகத்துல வேற யாருக்கும் பொடனியே இல்லாத மாதிரி!

அவரா? எங்கூட்டுக்காரருதான், வேற யாரு. சின்னப்புள்ளைன்னு நெனச்சீங்களா? கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு இருக்கு தங்கச்சி. நாகலெட்சுமி. அந்தப் புள்ள விசயமாத்தான் இப்ப வட்டகொடைக்குப் போறோம், மாப்புள வீட்டுல வெத்தல பாக்கு மாத்த. போற எடத்துல கல்யாணம் நிக்குமோ நடக்குமோன்னு நான் முந்தானையில சாமிக்குக் காசு முடிஞ்சி வச்சிருக்கேன். அவரு காத்து வாங்குறாரு!

ஐயய்யோ, சிங்கமலை சொரங்கம்! ஏங்க! தலைய உள்ள இழுங்க! பொக! பொக வருது! ...தூ... தூ... சன்னல இழுத்து மூடுங்க தங்கச்சி... ம்ம். முடிஞ்சிச்சி. பாருங்க... பாத்தீங்களா மூஞ்சிய? எஞ்சின் கரி பூராவும் இவரு மூஞ்சியிலதான். அதுக்கும் சிரிப்பு! பல்லு மட்டுந்தான் வெள்ளையாத் தெரியுது. இங்க வாங்க, முந்தானையில தொடைக்கிறேன்... ஓடிட்டாரு. மறுபடியும் கதவுக்கே ஓடிட்டாரு.

நீங்க நம்ப மாட்டீங்க, போன மாசம் வரைக்கும் அந்தத் தலையில முடி இருந்திச்சி. முடின்னா உங்க எங்க முடி மாதிரியா? ஒக்காந்தா தரையில பொரளும்! ஆம்பளைக்கு! எனக்கு வாச்சது எலிவாலு. அவருக்கு அப்புடி. அந்தக் காலத்துல ஆம்பளைங்க எல்லாரும் குடுமி வச்சிருந்தவங்கதான், இல்லேங்கல. அப்புறம் ஒவ்வொருத்தரா கிராப்பு வெட்டிக்கிட்டாங்க. இவரு மட்டும் வெட்டல. ஏன்னா காமன் கூத்து. மாசி மாசம் எங்க தேயிலத் தோட்டத்துல மன்மதன எரிப்பாங்கல்ல, அதுல இவருதான் ரதி வேசம். மத்த தோட்டத்துல எல்லாம் சணல்ல முடி பின்னிக் கட்டுவாங்க. இவருக்கு சொந்த முடி! அத விரிச்சிப் போட்டு, "எம்புருசன் சாம்பலாப் போனாரே"ன்னு இவரு அழுதாருன்னா, எங்க லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைங்க அத்தன பேரும் அழுவோம். நானுந்தான் அழுவேன். கட்டியிருக்கறது எஞ்சீலதான்னு தெரியும், இருந்தாலும் அழுக வந்துரும்.

அதுலேருந்து பேரே ரதின்னு ஆயிப்போச்சி. காலையில பெரட்டுல ஆளு எண்ணும்போது எங்கள வேல வாங்குற கண்டாக்கையா கூட, "ரதி வந்தாச்சா?"ன்னுதான் கேப்பாரு. இவரு கோவப்படவே மாட்டாரு. "வந்தாச்சிங்கையா"ம்பாரு.

ஆனா அந்த முடிய வச்சிப் பராமரிச்சது யாரு? நானு! ஆறு நாளு கொழுந்து பறிச்சி, ஏழாம் நாளு இவருக்குச் சிக்கெடுக்கணும். கையெல்லாம் கடுக்கும் தங்கச்சி. எங்க மலையில வெயிலு எப்பவாவதுதான எட்டிப் பாக்குது? மழக்காலத்துல அந்த முடி காயவே காயாது. அடுப்புப் பொகையில காட்டிக் காட்டித்தான் காயவைப்பேன். அடுப்புக்கு மேல கருவாடு தொங்கும். அப்புறம் என்னா... ரதிகிட்ட கருவாட்டு வாசம்!

சிரிக்காதீங்க. இனிமேதான் இருக்கு.

போன மாசம் வட்டகொடையிலேருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்புள பேரு பழனியாண்டி. தேயில பேக்டரியில வேல. தங்கமான புள்ள. தாயில்லாத புள்ளைய அவங்க அத்தை வீரம்மாதான் வளத்தது. அந்த வீட்டுல அந்தம்மா சொல்லுதான் சொல்லு. சரி, மதியம் வாறோம்னு சொல்லிவுட்டவங்க மதியம் வரணுமா இல்லியா? காலையிலேயே வந்து நிக்கிறாங்க! மூடுபனி வேற. நான் உள்ள பலகாரத்துக்கு மாவு பெசஞ்சிக்கிட்டு இருக்கேன். இவரு பீலித் தண்ணியில குளிச்சிட்டு, கம்பளியப் போத்திக்கிட்டு, லயத்துக்குப் பின்னால முடியக் காயவச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. முதுகக் காட்டிக்கிட்டு!

அந்தம்மா வழி தெரியாம பின்பக்கமா வந்துட்டாங்க. பாத்தாங்க. பாத்ததும் அப்புடியே சொக்கிப்போயிட்டாங்க. பூனை மாதிரி நடந்து வந்து, அந்த முடிய ரெண்டு கையிலயும் அள்ளி எடுத்து, "அடி என் மகாலெச்சுமி! என்னா முடி, என்னா முடி! எங்கூட்டுக்கு வெளக்கேத்த வந்தவளே, திரும்பு தாயி, மொகத்தப் பாப்போம்"னாங்க.

திரும்புனாரு.

மீசை! வாயில பீடி!

"ஆத்தாடீ"ன்னு ஒரு சத்தம். நான் ஓடிவந்து பாத்தா அந்தம்மா கோவாக் கோசுப் பாத்தியில மல்லாக்க கெடக்குறாங்க. இவரு முடிய அள்ளிச் சொருகிக்கிட்டு, "வாங்க, வாங்க"ங்குறாரு! மாப்புள சொவத்துல சாஞ்சி சிரிக்கிறான். சிரிச்சிக்கிட்டே இருக்கும்போது உள்ளேருந்து எம்பொண்ணு எட்டிப் பாத்திச்சி. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அம்புட்டுத்தான். புடிச்சிப்போச்சின்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி.

ஆனா அந்தம்மா டீத்தண்ணி குடிச்சாங்க, சீலையில இருந்த மண்ணத் தட்டுனாங்க, "சொல்லியனுப்புறோம்"னாங்க, போயிட்டாங்க. ஒரு சேதியும் வரல. எம்பொண்ணு சோத்துல கைய வச்சிக்கிட்டு அப்புடியே ஒக்காந்திருக்கும். எனக்கு எப்புடி இருக்கும் சொல்லுங்க! புடிச்சி ஏசுனேன் பாருங்க இவர. மலையில ஏசுனேன், அடுப்படியில ஏசுனேன், தூங்குற மனுசன எழுப்பி ஏசுனேன். "ஒங்க முடியாலதான எம்பொண்ணு கல்யாணம் தொலஞ்சிச்சி! வெட்டித் தொலைங்களேன்!"னேன்.

அவரு சனிக்கெழம அட்டனுக்குப் போயிட்டாரு, பார்பர் சலூனுக்கு.

அங்க அந்த சலூன்காரரு கத்தியத் தொடவே மாட்டேன்னுட்டாராம்! "அண்ணே, வீட்டுல கேட்டீங்களா? எதுக்கும் நாளைக்கு வாங்களேன்"னு தவிச்சிருக்காரு. கடைசியில பக்கத்துத் துணிக்கட மொதலாளி அலியார் நானாவக் கூட்டியாந்து, "நானா, நீங்க சாட்சி, நான் எம்பாட்டுக்கு வெட்டல, இவருதான் வெட்டச் சொன்னாரு"ன்னு சொல்லிட்டுத்தான் கத்தரிய எடுத்தாராம். அலியார் நானா இவரப் பாத்து, "அழகுமுத்து, நெசமாவா?"ன்னு கேட்டுக் கண்ண மூடிக்கிட்டாராம். ஒரே வெட்டுல போகல. கறுக்... கறுக்... கறுக்குன்னு. இவரு சொல்றாரு, "ராக்காயி, இம்புட்டு வருசமா தோள்ல ஒக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேன்னு அடம்புடிச்ச புள்ள, திடீர்னு எறங்கி ஓடிட்ட மாதிரி இருந்திச்சிடி"ன்னு. எந்திரிச்சி நின்னா தல தானா மேல போவுதாம்! நடந்தா கால் தரையில படலயாம்! பஸ்ஸுல வரல. மலையேறி ஓடி வந்திருக்காரு. இந்த வயசுல!

நான் வாசல்ல வெறகு பொளந்துக்கிட்டு இருக்கேன். யாரோ ஒரு ஆளு மூச்சிரைக்க வந்து நிக்கிறாரு. நான் பதறிப்போயி முந்தானைய இழுத்துவுட்டுக்கிட்டு, "அய்யா, யாரப் பாக்கணுங்க?"ன்னு கேட்டுட்டேன்! சொந்தப் புருசன! அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. கைய நீட்டி ஒரு பேப்பர் பொட்டலத்தக் குடுத்தாரு. பிரிச்சா கருகருன்னு சுருண்டு கெடக்கு... நான் பாம்புன்னு வீசிட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சிச்சி, சடை. நான் இம்புட்டு நாளும் வாரி வாரிப் பின்னுன அதே சடை.

அழுதேன் தங்கச்சி. ஓன்னு அழுதேன். "நான் கோவத்துல ஏசுனா நீங்க வெட்டிருவீங்களா? ஆசையா வளத்த முடியாச்சே"ன்னேன்.

அப்பச் சொல்றாரு பாருங்க. "எனக்கு எங்கடி ஆச? வெள்ளக்காரன் கொடிய எறக்குன வருசமே வெட்டணும்னு நெனச்சேன். தலவலி, பேனு, ஈரம். ஞாயித்துக்கெழமையானா நீ எண்ணெய்க் கிண்ணத்த எடுத்துக்கிட்டு வந்து ஒக்காருவியே, ஒனக்குப் புடிச்ச வேலயாச்சேன்னுதான் வெட்டல"ங்குறாரு!

எனக்குப் புடிச்ச வேலயாம்! நான் கை கடுக்க வாரினது அவருக்கு ஆசன்னு நெனச்சி! அவரு தல கடுக்க வளத்தது எனக்கு ஆசன்னு நெனச்சி! வெறகுக்கட்டு மேல ஒக்காந்து ரெண்டு பேரும் சிரிச்சோம் பாருங்க... பக்கத்து வீட்டுக் காம்பராவுலேருந்து எட்டிப் பாத்தாங்க, இவங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சின்னு.

அந்தா அருவி தெரியுது பாருங்க. தலவாக்கொல கிட்ட வந்துட்டோம். ஐயோ, அடுத்தது வட்டகொட!

கேளுங்க, கேளுங்க, முக்கியமானது இதுதான். முடிய வெட்டுன மறுவாரமே தரகு பாத்த வீரய்யாண்ணே மலைக்கு வந்து, கொழுந்து எடுத்துக்கிட்டு நின்ன எங்கிட்ட சொல்றாரு, "தாயி, வட்டகொடக்காரங்களுக்கு சம்மதம்"னு. ஏன் சம்மதம்? முடியாலதான் சம்மதமாம்! அவங்க வம்சத்துல ஆம்பளைங்களுக்கு மீச வரும்போதே வழுக்க வந்துருதாம். "அப்பனுக்கே அப்புடி முடின்னா, பேரப்புள்ளைங்க தல தழைக்கும்"னு அந்தம்மா ஒரே முடிவா சொல்லிட்டாங்களாம். "சம்மந்திய முடிய விரிச்சிப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க, சொந்தக்காரங்கல்லாம் பாக்கணும்"னு வேற சொல்லிவுட்டிருக்காங்க!

நான் என்னா சொன்னேன் தெரியுமா? உண்மையச் சொல்லியிருக்கணும். "சரிங்கண்ணே"ன்னுட்டேன்! அப்ப இந்தக் கலகத்துக்கெல்லாம் காரணம் யாரு? வெட்டச் சொன்னதும் நாந்தான், வெட்டுனத மறைச்சதும் நாந்தான். அவருக்கென்னா, காத்து வாங்குறாரு.

நேத்து அந்தச் சடைய மறுபடியும் அவரு தலையில கட்டிப் பாத்தோம். நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு கொண்ட ஊசி குத்துனேன், நாடாவால கட்டுனேன். சரின்னு நிமுந்து பாத்தாரு, தும்மல் வந்திச்சி, சடை ரசச் சட்டிக்குள்ள விழுந்திருச்சி. எம்பொண்ணு சிரிச்ச சிரிப்பு இருக்கே! சம்மதம் வந்தும் இந்தப் பயத்துல மொகஞ்சுருங்கிக் கெடந்த புள்ள. "அப்பா, இப்பத்தான் அழகா இருக்கீங்க. அப்புடியே போங்க"ன்னிச்சி. சடையக் கழுவி நான் சவுரியா வச்சிக்கிட்டேன். இந்தா, இந்தக் கொண்டைதான். தொட்டுப் பாருங்க... புருசன் முடிய வச்சிக் கொண்ட போட்ட பொம்பளைய எங்கயாவது பாத்திருக்கீங்களா?

வட்டகொட! வட்டகொட வந்திருச்சி! ஏங்க, எறங்குங்க! தங்கச்சி, நான் எறங்குனதும் அந்த வாழப்பழப் பைய சன்னல் வழியாக் குடுங்க... ஆங், வந்திச்சி, வந்திச்சி. நீங்க நானுஓயா வரைக்கும் போறவங்கதான? எதிர்வண்டி வரணும் போலருக்கு, கொஞ்ச நேரம் நிக்கும்.

அந்தா, செவப்பு சீல! அதான் வீரம்மா. பின்னால பாருங்க, எல்லாம் வழுக்கத்தல, வெயில்ல மின்னுது. பொட்டி பொட்டியா எட்டிப் பாக்குறாங்க... முடியத் தேடுறாங்க தங்கச்சி! அவரத் தாண்டிப் போறாங்க... கரிமூஞ்சியோட பக்கத்துலதான் நிக்கிறாரு, தெரியல! ஐயோ, இவரே கூப்புடுறாரு... "சம்மந்தி, நாந்தான்"ங்குறாரு... அந்தம்மா திரும்பிட்டாங்க... பாக்குறாங்க... இவரு தலையவே உத்துப் பாக்குறாங்க... போச்சி, எம்பொண்ணு வாழ்க்க போச்சி... இவரு என்னா செய்யுறாரு? தலையக் குனிஞ்சி காட்டுறாரு! வெக்கங்கெட்ட மனுசன்...

தடவுறாங்க தங்கச்சி! அந்தம்மா கைய நீட்டித் தடவிப் பாக்குறாங்க! சிரிக்கிறாங்க! என்னா சொல்றாங்க...? "கவ்வாத்து வெட்டுன தேயிலதான சம்மந்தி நல்லாத் துளுக்கும்! வேர் இருக்கில்ல, போதும்"ங்குறாங்க! ஐயோ என் சாமி! அந்த வழுக்கத்தலைங்க எல்லாம் வரிசையில நின்னு தடவுறாங்க! மாப்புளையுந்தான்!

எல்லாரும் தொட்டுட்டாங்க. நாந்தான் இன்னும் தொடல. ஆமா தங்கச்சி, வெட்டுன நாள்லேருந்து ஒரு வீம்பு, கிட்டவே போகல. ஏங்க! இங்க வாங்க! கொஞ்சம் குனிங்க... குனிங்கன்னா... பாத்தா பாக்கட்டும்...

அடி ஆத்தி! தங்கச்சி... தங்கச்சி, வண்டி பொறப்பட்டிருச்சா? ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போங்க! இந்தத் தலையா முள்ளு மாதிரி குத்தும்னு நெனச்சேன்? கன்னுக்குட்டி மூக்கு மாதிரில்ல இருக்கு! கன்னுக்குட்டி மூக்கு மாதிரி இருக்கு தங்கச்சீ...!