முதுகுப் பக்கம் மட்டும்

காலாப்பட்டிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். அவள் மடியில் பாதி தைத்த நீலக் கோட்டு. சின்ன வயதில் இருவருக்கும் பிடித்த வீடியோ கேம் வீரனின் கோட்டு அது. ஞாயிற்றுக்கிழமை, பிடித்த கதாபாத்திரமாக வேடமிட்டுப் போகும் காஸ்ப்ளே ஊர்வலத்தில் போட்டுக்கொள்ளப் போகிறாளாம்.

"முதுகு முடிஞ்சிடுச்சுண்ணா. முன்பக்கம் எப்படி இருக்கும்னே தெரியல."

"ஃபோன்ல படம் பாத்துத் தைக்க வேண்டியதுதான?"

"ஞாபகத்துலயே தைக்கணும்னு ஆசை. கேம்ல அவன் முன்னாடி ஓடிக்கிட்டே இருப்பான், நமக்கு முதுகுதான தெரியும்?"

அண்ணன் கோட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"எல்லாம் சரி. தோள்ல எதுக்கு மஞ்சள் ஒட்டு? அவனுக்குக் கிடையாதே."

"இருந்துச்சுண்ணா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அது என் சட்டைடி. ஆணில மாட்டிக் கிழிஞ்சி அம்மா ஒட்டுப் போட்டது. நான்தான் விளையாடுவேன், நீ என் பின்னாடி உக்காந்து எட்டி எட்டிப் பாப்ப."

அவள் பையிலிருந்து பிளேடை எடுத்து ஒட்டைப் பிரிக்கப் போனாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பிரிக்காத. ஞாயித்துக்கிழமை நான் பிரான்ஸ்ல இருப்பேன். என் சட்டையாவது உன்கூட வரட்டும்."