தோலுக்குள் பிழைத்த ரத்தினசாமி

சங்கத் தலைவர் ராமலிங்கம் அவர்களே, தோல் பதனிட்டு ஆவாரம்பட்டைக் கறை போகாத கைகளோடு வந்திருக்கும் ஆம்பூர்த் தோழர்களே, என் தங்கை அமிர்தவள்ளியே! வடஆற்காடு ஜில்லாவிலேயே மேடையில் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் இந்த இரங்கல் கூட்டத்துக்கு என்னை அழைத்திருக்கிறீர்கள். சரியான ஆளைத்தான் பிடித்தீர்கள்.

அமிர்தவள்ளியின் புருஷன், என் மைத்துனன், பட்டாளத்து ரத்தினசாமி நம்மை விட்டுப் போய்விட்டான். யார் இந்த ரத்தினசாமி? ஜெர்மன் சண்டையின்போது, அரபு நாட்டில் பஸ்ராவுக்கும் அப்பால், செத்த கோவேறு கழுதைகளின் தோலை உரித்து உப்புப் போட்டவன்! அந்தக் கழுதைகள் யானை உயரம் இருக்கும்.

ஒரு காலையில் ஜெர்மன்காரனோடு சேர்ந்த துருக்கிப் படை வந்தது. லட்சம் பேர் என்றே வையுங்கள். கூட இருந்தவர்கள் எல்லாரும் சாய்ந்தார்கள். ரத்தினசாமி என்ன செய்தான்? தோல் குவியலுக்குள் நுழைந்தான்! வந்தவர்கள் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஒரு தடியன் மட்டும் குவியல் மேலேயே உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றான். சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தவன்தான்.

மறுநாள் நம் படை வந்து அவனை இழுத்தெடுத்தது. எல்லாரும் செத்தார்களே, நீ மட்டும் எப்படி உயிரோடு என்று சுபேதார் கேட்டாராம். "பயமா இருந்துச்சி சாமி" என்றான். சட்டையின் பித்தளைப் பொத்தான்களை அறுத்து, ஈரத்தோலைப் போர்த்தி, முகாமைச் சுற்றி நடத்தி, ஊருக்குத் துரத்தினார்கள். ஊர் திரும்பினால் இங்கேயும் அதே பெயர்: தோலுக்குள் பூந்தவன்.

சண்டை ஓயவில்லை. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க நம் சந்தையில் தம்பட்டம் அடித்தார்கள். மாலை போட்டுக்கொண்டு வரிசையில் முதலில் நின்றவன் என் மகன் வேலு. ரத்தினசாமி அவன் எதிரே போய் நின்றான்.

"இன்னா மாமா, கழுதத் தோலு எங்க?"

கூட்டமே சிரித்தது. ரத்தினசாமி கோபப்படவில்லை.

"கேளுடா. என் தோஸ்த்து அப்துல் ஹமீது பக்கத்துலயே அடிபட்டுக் கெடந்தான். 'ரத்தினம், தண்ணி குட்றா'ன்னு கேட்டுக்கினே இருந்தான். எங்கிட்ட தண்ணி இருந்துச்சி. நான் கைய நீட்டல. பொழுது சாயறதுக்குள்ள அவன் கூப்டறது நின்னு போச்சி. நீயும் பொழச்சி வருவே, வேலு. இப்டித்தான் வருவே."

வேலு மாலையைக் கழற்றினான். வரிசை கலைந்தது. இதோ உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறான், பாருங்கள்.

தோழர்களே, பத்திரிகையைத் திறந்தால் மறுபடியும் சண்டைப் பேச்சு. வேலுவின் மூத்தவனுக்கு மீசை அரும்பிவிட்டது. நாளைக்கே சந்தையில் தம்பட்டம் கேட்டால், போய் எதிரே நிற்க யார் இருக்கிறார்கள்? நான் நிற்கிறேன்! ஒடுகத்தூர்க் காட்டில் வெறுங்கையால் புலியை அடித்தவன் நான். ரத்தினசாமியின் மேல் ஆணை, அவன் நின்ற இடத்தில் நிற்பேன். நீங்களும் வந்து பக்கத்தில் நில்லுங்கள். தனியாக நிற்க எனக்குத் தைரியமில்லை.