வெட்டுச் சுத்தியலின் காம்பை இறுக்கியது நான்தான்

என் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் முதல் பக்கத்தில் எழுதியபடி சரி. வயது ஐம்பத்தெட்டு. தச்சு வேலை செய்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது, ‘ரசமட்டம்’ வீடு எது என்று கேட்க வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் நிலை சாய்ந்திருக்கிறது, அலமாரி ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிடுவதால், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே எனக்கு வைத்துவிட்டார்கள். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. சம்மட்டிக்காரரை விட்டுவிட வேண்டும் என்பதற்காக நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

கை முறிந்த இரும்புப் பட்டறைக்காரர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். பட்டறை முன்னால், அவர்கள் குடியிருக்கும் வீடு பின்னால். அவரிடம் பதினோரு வருடமாகச் சம்மட்டி அடிப்பவர்தான் நேற்று மதியத்திலிருந்து இங்கே உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்.

நிலையத்தில் எடுத்து வைத்திருக்கும் வெட்டுச் சுத்தியல் எனக்குக் காட்டப்பட்டது. அது மாப்பிள்ளையுடையது. கடையில் வாங்கியதல்ல, பழைய லாரி அச்சில் ஒரு துண்டு எடுத்து, மாப்பிள்ளை குறட்டால் பிடிக்க, சம்மட்டிக்காரர் அடிக்க, இருவரும் சேர்ந்து செய்தது. சுத்தியல் என்று பெயரே தவிர அதை யாரும் ஓங்கி அடிப்பதில்லை. ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் உளி போல வாய். பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் அந்த வாயை வைத்து மாப்பிள்ளை காம்பைப் பிடித்துக்கொள்வார், தட்டையான தலையில் சம்மட்டி விழும், இரும்பு துண்டாகும்.

திங்கட்கிழமை மாலை நான் பட்டறைக்குப் போனபோது இருவருக்கும் தகராறு நடந்துகொண்டிருந்தது. வெட்டிய கம்பி கோணலாகப் போயிருந்தது. ஒரு தடவை நான் பிடிக்கிறேன், நீங்கள் அடித்துப் பாருங்கள் என்று சம்மட்டிக்காரர் கேட்டிருக்கிறார். அதற்கு மாப்பிள்ளை, “உனக்கு அடிக்கத்தான் தெரியும், அதையாவது ஒழுங்கா அடி” என்று சொன்னார். அதன் பிறகு சம்மட்டிக்காரர் தெருவில் இறங்கி நின்று, “உன் கை ஒடிஞ்சாத்தான்யா அடுத்தவன் அருமை தெரியும்” என்று கத்தினார். எதிரே டயர் கடைக்காரர் அதைக் கேட்டது உண்மை. நானும் கேட்டேன்.

அதன் பிறகு சம்மட்டிக்காரர் போய்விட்டார், மாப்பிள்ளை முகம் கழுவ உள்ளே போனார், நான் பட்டறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்போது வெட்டுச் சுத்தியலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தலை காம்பில் லொடலொடவென்று ஆடியது. ஆப்பே இல்லை. இதை வைத்துக்கொண்டு எப்படி நேராக வெட்ட முடியும் என்று நினைத்தேன். என்றைக்காவது தலை கழன்று பறந்து எதிரே நிற்கிற சம்மட்டிக்காரர் நெற்றியில் பட்டால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். ஆடுகிற காம்பைப் பார்த்துவிட்டுச் சும்மா வருவது என்னால் ஆகாத காரியம். சட்டைப் பையில் தேக்குத் துண்டு இருந்தது. அதைச் சீவி, காம்பின் நுனியைப் பிளந்து, ஆப்பை அடித்து இறக்கி, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நல்ல ஆப்பு. இப்போது பார்த்தாலும் நல்ல ஆப்புதான். காலையில் பார்த்து மாப்பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டயர் கடைக்காரர் போன் செய்து, இரும்பு வெட்டும்போது மாப்பிள்ளையின் மணிக்கட்டு முறிந்துவிட்டது என்று சொன்னார். நான் மருத்துவமனைக்கு ஓடினேன். மாப்பிள்ளையை அங்கே தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவர் சம்மட்டிக்காரர். அவர் சட்டையைப் பிடித்து, “பாவி, சொன்னபடியே செஞ்சிட்டியே” என்று எல்லார் முன்னிலையிலும் கத்தியவன் நான். விசாரிக்க வந்த காவலரிடம் முந்தின நாள் தகராறைச் சொன்னவனும் நான். சம்மட்டிக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காவலரோடு போய்விட்டார்.

அன்று மாப்பிள்ளைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நானும் தங்கையும் வெளியே பெஞ்சில் இருந்தோம். மருந்து வாங்க, கையெழுத்துப் போட, ரத்தம் கொடுக்க ஆள் தேட என்று நான்தான் ஓடினேன். தங்கை என் சட்டைக் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

இன்று காலை மாப்பிள்ளை நன்றாகக் கண் விழித்துப் பேசினார். அடி கொஞ்சம் ஓரமாக விழுந்தது, அவன் வேண்டுமென்றே செய்தானா என்று தெரியவில்லை என்றார். அவரைத் தேற்றுவதற்காக நான், “இனிமே பயமில்ல மாப்பிள்ள, ஆடிக்கிட்டிருந்த அந்தக் காம்பை நான் ஆப்பு வெச்சு இறுக்கிட்டேன்” என்று சொன்னேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு, “எப்ப மச்சான்?” என்று கேட்டார். “திங்கட்கிழமை சாயங்காலமே” என்றேன்.

அதன் பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெட்டுச் சுத்தியலின் காம்பு ஆடத்தான் வேண்டும். சம்மட்டி ஓரமாக விழுந்தால் தலை மட்டும் தனியே புரளும், கைக்கு ஒன்றும் வராது. எவ்வளவு கைதேர்ந்தவனுக்கும் பத்தில் ஒரு அடி ஓரமாகத்தான் விழுமாம். நான் இறுக்கி வைத்ததால் அந்தத் திருகல் முழுவதும் மணிக்கட்டில் இறங்கிவிட்டது. தினமும் காம்பை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாராம், அன்று கோபத்தில் பார்க்கவில்லை என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. “முதல்ல போய் அவனைக் கூட்டிட்டு வாங்க மச்சான்” என்றார். பக்கத்தில் நின்ற தங்கை எல்லாவற்றையும் கேட்டாள்.

அதன் பிறகு நேராக இங்கே வந்து அனுமதி கேட்டுச் சம்மட்டிக்காரரைப் பார்த்தேன். ஆப்பு விஷயம் தெரியுமா என்று கேட்டேன். மாப்பிள்ளை சுருண்டு விழுந்தபோதே சுத்தியல் காலடியில் கிடந்தது, அப்போதே பார்த்துவிட்டேன், அப்படி வழுவழுவென்று தேய்த்து ஆப்பு வைக்க உங்களை விட்டால் ஆள் ஏது என்றார். அப்புறம் ஏனய்யா வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“நேத்து அக்காவுக்கு ஓடியாட நீங்க ஒருத்தர்தானே இருந்தீங்க. உங்களையும் இங்க கொண்டாந்து உட்கார வெச்சா அவங்க யாரைப் பிடிச்சுக்குவாங்க? அண்ணன் கண்ணு முழிச்சதும் தானா தெரிஞ்சிடும். ஒரு நாள்தானே” என்றார்.

நான் பிடித்து இழுத்ததில் அவர் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அந்தச் சட்டையோடுதான் ஒரு நாள் முழுவதும் இங்கே இருந்திருக்கிறார். இந்த ஐம்பத்தெட்டு வருடத்தில் எனக்காக இப்படி ஒருவர் இருந்ததில்லை. அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்பதையும் இதில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். வழக்குக்கு அது தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். இருந்தாலும் எழுதினார். அவருக்கும் நன்றி.

தங்கை வெளியே உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. மடியில் சாப்பாட்டுப் பாத்திரம் வைத்திருக்கிறாள். அது ஒரு ஆள் சாப்பாடுதான், எனக்கு இல்லை. சம்மட்டிக்காரர் வெளியே வந்தால் அவளே தன் கையால் கொடுக்க வேண்டுமாம். ஆகவே அவரை விட்டுவிட்டு, என் மேல் என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளது அனைத்தும் நடந்தது நடந்தபடி நான் சொன்னது. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். படித்தபோது ‘சந்தேக நபர்’ என்று ஏழு இடத்தில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். ஏழையும் அடித்துவிட்டுச் ‘சம்மட்டிக்காரர்’ என்று எழுதினார்கள். அடித்த ஒவ்வொரு இடத்திலும் என் கையெழுத்து இருக்கிறது.

(ஒப்பம்)